சாக மறுத்த வெள்ளை அணுக்கள்

உங்கள் கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து, அதில் வெள்ளை அணுக்களை மட்டும் பிரித்து, சத்துள்ள திரவத்தில் போட்டு, உடம்புச் சூட்டிலேயே ஒரு பெட்டிக்குள் வைத்தால் என்ன ஆகும்? பெரிதாக ஒன்றும் ஆகாது. சில நாட்கள் இருக்கும், அப்புறம் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும். இரண்டு மூன்று வாரத்தில் கண்ணாடிக் குடுவையில் வெறும் குப்பைதான் மிஞ்சும்.

அதே குடுவையில் ஒரு குறிப்பிட்ட வைரஸைக் கொஞ்சம் விட்டுவிட்டால் கதை வேறு. செல்கள் பருக்கின்றன. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு திராட்சைக் கொத்து மாதிரி மிதக்கின்றன. செல்கள் தின்று கழித்த அமிலத்தால் சிவப்பாக இருந்த திரவம் மஞ்சளாகிறது. பாதியை எடுத்துக் கொட்டிவிட்டுப் புதுத் திரவம் ஊற்றினால் மறுபடி நிரம்புகிறது. இரண்டு நான்காகி, நான்கு எட்டாகி... கூட்டு வட்டி படித்தவர்களுக்கு இந்தக் கணக்கு எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை :-)

அந்த வைரஸின் பெயர் எப்ஸ்டீன்-பார் வைரஸ். சின்னம்மையும் அக்கியும் கொடுக்கிற வைரஸின் உறவுக்காரன், ஹெர்பீஸ் குடும்பம். உலகத்தில் வயது வந்தவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களின் உடம்பில் இது குடியிருக்கிறது. இதைப் படிக்கிற உங்களிடமும் அநேகமாக இருக்கும். எனக்கும்தான். பயப்பட வேண்டாம், காரணம் பின்னால் வருகிறது.

இந்தக் கதை லேபில் ஆரம்பிக்கவில்லை. உகாண்டாவில் ஆரம்பிக்கிறது.

டெனிஸ் பர்கிட் அயர்லாந்துக்காரர், அறுவை மருத்துவர். சிறுவயதில் ஒரு விபத்தில் ஒரு கண்ணை இழந்தவர். 1957ல் கம்பாலாவின் முலாகோ மருத்துவமனையில் ஒரு சிறுவனைப் பார்க்கிறார். தாடையின் இரண்டு பக்கமும், மேலும் கீழும் வீங்கி முகமே உருமாறியிருக்கிறது. ஒரு கட்டி ஒரே நேரத்தில் நாலு இடத்தில் எப்படி வரும் என்று அவருக்குப் புரியவில்லை. சில வாரங்கள் கழித்து ஜிஞ்சா என்ற ஊரில் இன்னொரு குழந்தை, அதே மாதிரி. ஒருத்தருக்கு வந்தால் விசித்திரம், இரண்டு பேருக்கு வந்தால் அது நோய். பழைய மருத்துவக் குறிப்புகளைத் தோண்டினார். ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கு இது சர்வ சாதாரணமாக வந்துகொண்டிருந்திருக்கிறது. தாடை வீங்கினால் ஒரு பெயர், வயிறு வீங்கினால் வேறு பெயர் என்று டாக்டர்கள் தனித்தனியாக எழுதிவைத்திருந்ததால் எல்லாம் ஒரே புற்றுநோய் என்று யாருக்கும் தோன்றவில்லை. 1958ல் கட்டுரை எழுதினார். பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

1961 மார்ச் 22ம் தேதி லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் பர்கிட் ஒரு சொற்பொழிவு கொடுத்தார். கேட்க வந்தவர்களில் ஒருவர் ஆன்டனி எப்ஸ்டீன். கோழிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் ஒரு வைரஸை ஆராய்ந்துகொண்டிருந்தவர், எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் கெட்டிக்காரர். மனிதர்களுக்கும் வைரஸால் புற்றுநோய் வரலாம் என்று அன்றைக்குச் சொன்னால் சிரிப்பார்கள். பர்கிட் தன் பேச்சில், இந்த நோய் வெப்பமும் மழையும் அதிகமுள்ள பகுதிகளில்தான் வருகிறது என்று சொன்னதும் எப்ஸ்டீனுக்குப் பொறி தட்டியது. தட்பவெப்பத்தைப் பொறுத்துப் புற்றுநோய் வருகிறதென்றால் பூச்சி பரப்பும் ஏதோ ஒரு கிருமி காரணமாக இருக்க வேண்டும்!

இங்கே ஒரு வேடிக்கை. அந்த வைரஸைப் பூச்சி பரப்புவதில்லை, எச்சில்தான் பரப்புகிறது. வெப்பமும் மழையும் சம்பந்தப்பட்டது மலேரியா வழியாக. மலேரியா அடிக்கடி தாக்கும் குழந்தைகளிடம்தான் இந்த வைரஸ் புற்றுநோய் வரை போகிறது. எப்ஸ்டீன் தப்பான காரணத்துக்காகச் சரியான இடத்தில் தோண்டியிருக்கிறார்.

தோண்டினார், ஆனால் இரண்டு வருடம் ஒன்றும் கிடைக்கவில்லை. பர்கிட் கம்பாலாவிலிருந்து விமானத்தில் கட்டித் துண்டுகளை அனுப்புவார். எப்ஸ்டீன் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். வைரஸ் இருக்காது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 45,000 டாலர் கொடுத்தது. அதை வைத்து இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டார். செல் வளர்ப்புக்கு இவான் பார் என்ற பெண். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வேலைக்கு டிரினிடாடில் பிறந்த பெர்ட் அச்சாங்.

1963 டிசம்பர். என்டெபேயிலிருந்து வந்த விமானம் லண்டனில் பனிமூட்டம் என்று மான்செஸ்டருக்குத் திருப்பிவிடப்பட்டது. கட்டித் துண்டு லேபுக்கு வந்து சேர்ந்தபோது பாட்டிலில் திரவம் கலங்கியிருந்தது. கலங்கலென்றால் பாக்டீரியா புகுந்துவிட்டது என்று அர்த்தம். வேறு யாராவது என்றால் சாக்கடையில் ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். எப்ஸ்டீன் ஒரு சொட்டு எடுத்துச் சாதாரண மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். பாக்டீரியா இல்லை. பயணத்தில் குலுங்கியதில் கட்டியிலிருந்து உதிர்ந்த செல்கள், உயிரோடு தனித்தனியாக மிதந்துகொண்டிருந்தன.

அதுவரை செய்த தவறு அப்போதுதான் தெரிந்தது. மற்றத் திசுக்களைப் போலக் கண்ணாடியில் ஒட்டவைத்து வளர்க்கப் பார்த்திருக்கிறார்கள். இந்தச் செல்களுக்கு மிதப்பதுதான் பிடிக்கும். மிதக்கவிட்டதும் வளர்ந்தன. விமானம் நேராக லண்டனில் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்!

1964 பிப்ரவரி 24ம் தேதி அந்தச் செல்களை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்தார். பார்த்த முதல் கட்டத்திலேயே வைரஸ். எலக்ட்ரான் கதிர் பட்டு மாதிரி எரிந்துவிடுமோ என்று பயந்து மெஷினை அணைத்துவிட்டு, கோட்டுகூடப் போடாமல் பனியில் தெருவைச் சுற்றி நடந்துவிட்டு வந்து மறுபடி பார்த்தாராம். இருந்தது. ஹெர்பீஸ் குடும்பத்து உருவம். மார்ச் 28ம் தேதி லான்செட் இதழில் எப்ஸ்டீன், அச்சாங், பார் மூவர் பெயரிலும் கட்டுரை வந்தது. ஆனால் வைரஸுக்குப் பெயர் வந்தது வேறு வழியில். அந்தச் செல் வரிசைக்கு எப்ஸ்டீன், பார் இருவரின் முதலெழுத்தை வைத்து ஈபி1 என்று பெயர். அதிலிருந்து வந்த வைரஸ் என்பதால் ஈபி வைரஸ். லான்செட் கட்டுரையில் இரண்டாவதாக இருந்த அச்சாங்கின் பெயர் இப்படித்தான் விட்டுப்போனது. கட்டியைக் கொடுத்த குழந்தையின் பெயர் எங்குமே இல்லை.

இதே நேரத்தில் நைஜீரியாவின் இபாதானில் புல்வர்டாஃப்ட் என்ற ஆங்கிலேய மருத்துவரும் இதே கட்டியின் செல்களை வளர்த்துக்கொண்டிருந்தார். அவர் செல் வரிசைகளுக்கு வைத்த பெயர்கள் ராஜி, ஜிஜோயே. ராஜி என்றதும் எனக்குப் பக்கத்து வீட்டு ராஜி அக்காதான் ஞாபகம் வந்தது. இந்த ராஜி நைஜீரியாவில் புற்றுநோய் வந்த ஒரு சிறுவன். 1963ல் எடுத்த அவன் செல்கள் இன்றும் உலகமெங்கும் லேப்களில் வளர்கின்றன. ஜிஜோயேயும் ஒரு சிறுவன். அவன் இந்தக் கதையில் மறுபடி வருவான்.

சரி, வைரஸ் இருக்கிறது. ஆனால் இருக்கிறது என்பதாலேயே அதுதான் குற்றவாளி என்று சொல்லிவிட முடியுமா? கட்டியில் தற்செயலாகத் தொற்றிக்கொண்ட ஒட்டுண்ணியாகக்கூட இருக்கலாமே. எப்ஸ்டீன் செல்களை அமெரிக்காவுக்கு, பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையில் இருந்த வெர்னர் ஹென்லே, கெர்ட்ரூட் ஹென்லே தம்பதிக்கு அனுப்பினார். 1930களில் ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள். பிளஸ் டூவில் பயாலஜி எடுத்தவர்களுக்கு சிறுநீரகத்தில் வரும் ஹென்லே வளைவு ஞாபகம் இருக்கும். அந்த ஹென்லேயின் பேரன்தான் இந்த வெர்னர்.

ரத்தத்தில் இந்த வைரஸுக்கு எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க அவர்கள் ஒரு சோதனை உருவாக்கினார்கள். ஆப்பிரிக்கக் குழந்தைகளிடம் இருந்தது, எதிர்பார்த்ததுதான். ஆனால் அந்தப் புற்றுநோயைக் கண்ணால்கூடப் பார்த்திராத அமெரிக்கர்களிடமும் பெரும்பாலோருக்கு இருந்தது! அப்படியென்றால் இது ஆப்பிரிக்க வைரஸே இல்லை, ஊரெல்லாம் இருக்கும் வைரஸ். எந்த நோயைக் கொடுக்கிறது என்றுதான் தெரியவில்லை.

1967ல் இரண்டு விஷயம் நடந்தது. ஒன்று திட்டமிட்டது, இன்னொன்று தானாக நடந்தது.

திட்டமிட்டது இது. ஜிஜோயே செல்களுக்கு எக்ஸ்ரே கொடுத்து, இனிமேல் பெருகவே முடியாத நிலைக்குக் கொண்டுபோனார்கள். சாகப்போகும் அந்தச் செல்களை, ஆரோக்கியமான பெண் குழந்தைகளின் வெள்ளை அணுக்களோடு ஒரே குடுவையில் போட்டார்கள். தனியாக விட்டால் இரண்டுமே சாகும். சேர்த்துவிட்டால் சில வாரத்தில் செல்கள் பெருகத் தொடங்கின. பெருகுவது யாருடைய செல்? ஜிஜோயே ஆண். எனவே குரோமோசோமைப் பார்த்தால் போதும். பார்த்தார்கள், பெண் செல்கள். சாகும் செல்லிலிருந்து ஏதோ ஒன்று கிளம்பிப் போய், எந்த நோயும் இல்லாத குழந்தையின் செல்லைச் சாகாத செல்லாக மாற்றியிருக்கிறது. இவ்வளவு எளிமையான, இவ்வளவு அழகான சோதனையை நான் வேறெங்கும் படித்ததில்லை. அந்த லேபில் அப்போது வேலை பார்த்தவர்களில் ஒருவர் ஹரால்ட் சூர் ஹவுசன், இந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் அவரும் உண்டு. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு வைரஸ்தான் காரணம் என்று பின்னாளில் காட்டி 2008ல் நோபல் பரிசு வாங்கியவர்.

அந்த "ஏதோ ஒன்று" வைரஸ்தானா என்ற சந்தேகத்தை ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஜான் போப் தீர்த்தார். 1968ல் அவரும் கூட்டாளிகளும், செல் எதுவும் கூட வராதபடி வடிகட்டிய திரவத்தை மட்டும் வெள்ளை அணுக்களில் விட்டார்கள். அப்போதும் மாறின. ஆக செல் தேவையில்லை, வைரஸே போதும்.

இப்போது தானாக நடந்தது. ஹென்லே லேபில் ஒரு இளம்பெண் டெக்னீஷியனாக வேலை பார்த்தாள். லேபில் இருந்தவர்களில் எதிர்ப்பொருள் இல்லாத மிகச் சிலரில் ஒருத்தி. அதனால் சோதனைகளில் ஒப்பிட்டுப் பார்க்க அவளுடைய ரத்தம் அடிக்கடி பயன்பட்டது. அவளுடைய வெள்ளை அணுக்களைக் குடுவையில் போட்டால் ஒழுங்காகச் செத்துப்போகும். 1967 ஆகஸ்டில் அவளுக்குக் காய்ச்சல், தொண்டை வலி, கழுத்தில் நெறி. சில நாள் வேலைக்கு வரவில்லை. டாக்டர் சொன்னது தொற்று மோனோநியூக்ளியோசிஸ். காலேஜ் பசங்களுக்கு முத்தத்தில் பரவும் நோய் என்று அமெரிக்காவில் கிண்டல் செய்வார்களே, அதுதான்.

திரும்பி வந்ததும் ரத்தம் எடுத்தார்கள். எதிர்ப்பொருள் இருந்தது. இதுவரை சோதனைக்குச் சோதனை செத்துப்போன அவளுடைய வெள்ளை அணுக்கள் இந்தத் தடவை தாமாகவே வளர்ந்தன. வைரஸை யாரும் விடவில்லை. அது ஏற்கெனவே உள்ளே இருந்தது.

ஒரு ஆளை வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனால் யேல் பல்கலைக்கழகத்தில் நீடர்மன், மெக்கலம் இருவரும் பல வருடமாக மாணவர்கள் காலேஜில் சேரும்போதே ரத்தம் எடுத்து உறைய வைத்திருந்தார்கள், பின்னால் யாருக்காவது இந்த நோய் வந்தால் பார்க்கலாம் என்று. என்ன தேடுகிறோம் என்று தெரியாமலே சேர்த்துவைத்த ரத்தம். எடுத்துப் பார்த்தால், நோய் வந்த மாணவர்களுக்கு வருவதற்கு முன் எதிர்ப்பொருள் இல்லை, வந்த பின் இருந்தது. முன்பே எதிர்ப்பொருள் இருந்தவர்களுக்கு நோய் வரவேயில்லை. 1968ல் விஷயம் முடிந்தது. நம் ஊர்களில் இந்த வைரஸ் பெரும்பாலும் கைக்குழந்தைப் பருவத்திலேயே, சோறு ஊட்டும்போதோ கொஞ்சும்போதோ சத்தமில்லாமல் வந்துவிடும். அதனால்தான் நம் கல்லூரிகளில் அந்த நோயைப் பற்றி அவ்வளவாகக் கேள்விப்படுவதில்லை. முத்தத்துக்குப் பஞ்சம் என்பது காரணமில்லை, ஹி ஹி.

டெக்னீஷியனின் பெயர் அன்று கட்டுரையில் வரவில்லை, நானும் இங்கே எழுதவில்லை. ஆனால் ஒரு நோய்க்குக் காரணம் கண்டுபிடிக்கப்பட்டது அவளுக்குக் காய்ச்சல் வந்ததால்தான் என்பதைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை.

சரி, வைரஸ் உள்ளே போய் அப்படி என்னதான் செய்கிறது? இதைத் துருவ வைரஸ் நிறைய வேண்டியிருந்தது. 1970களின் தொடக்கத்தில் யேலில் ஜார்ஜ் மில்லர், ஒரு மோனோ நோயாளியின் வைரஸைக்கொண்டு சின்னஞ்சிறு தென்னமெரிக்கக் குரங்கின் வெள்ளை அணுக்களை மாற்றினார். அந்தச் செல் வரிசை, பி95-8, வைரஸை வெளியே கொட்டிக்கொண்டே இருந்தது. இன்றுவரை லேபில் செல்களை மாற்ற அதிகம் பயன்படுவது அந்த வைரஸ்தான். 1984ல் கேம்பிரிட்ஜில் அதன் டிஎன்ஏ முழுவதையும் எழுத்தெழுத்தாகப் படித்தார்கள். 1,72,282 எழுத்துகள். அன்றைக்கு அதைவிட நீளமான டிஎன்ஏவை யாரும் படித்து முடித்ததில்லை.

வைரஸ் பிடிப்பது எல்லா வெள்ளை அணுக்களையும் அல்ல, எதிர்ப்பொருள் தயாரிக்கும் பி செல்களை. அவற்றின் மேல் சிடி21 என்ற புரதம் பூட்டு மாதிரி இருக்கிறது, வைரஸின் மேலுறையில் அதற்குச் சாவி. உள்ளே போன டிஎன்ஏ வளையமாக மூடிக்கொண்டு செல்லின் கருவில் தங்குகிறது. பெரும்பாலும் நம் குரோமோசோமுக்குள் நுழைவதில்லை. ஈபிஎன்ஏ1 என்ற புரதம் அந்த வளையத்தை நம் குரோமோசோமோடு கட்டிவைக்கிறது. செல் இரண்டாகும்போது வளையமும் சேர்ந்து இரண்டாகிறது, டிக்கெட் இல்லாத பயணி மாதிரி.

அப்புறம் நடப்பது ஆள்மாறாட்டம். ஒரு பி செல் தானாகப் பெருகிவிடாது. கிருமி வந்திருக்கிறது என்று ஒரு சமிக்ஞை வர வேண்டும், துணைக்கு டி செல் வந்து "ஆமாம், பெருகு" என்று சிடி40 என்ற பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டு கையெழுத்து இல்லாமல் செக் பாஸாகாது. வைரஸ் இரண்டையும் போலியாகப் போடுகிறது. எல்எம்பி2ஏ என்ற புரதம் முதல் சமிக்ஞையைப் போலச் செய்கிறது. எல்எம்பி1, யாரும் அழுத்தாமலே அழுத்தப்பட்டபடி இருக்கும் சிடி40 பொத்தான். ஈபிஎன்ஏ2 செல்லின் சொந்த மரபணுக்களையே, முக்கியமாகப் பெருகச் சொல்லும் மரபணுக்களை, முடுக்கிவிடுகிறது. இந்த ஈபிஎன்ஏ2 எவ்வளவு முக்கியம் என்று காட்டியதும் ஜிஜோயேதான். அவனுடைய செல் வரிசையிலிருந்து பிரிந்த பி3எச்ஆர்-1 என்ற கிளையின் வைரஸில் அந்த மரபணு உதிர்ந்துபோயிருந்தது. அந்த வைரஸால் ஒரு செல்லையும் மாற்ற முடியவில்லை.

அப்படியானால் நம் எல்லோருக்கும் ஏன் புற்றுநோய் வரவில்லை? குடுவையில் இல்லாத ஒன்று உடம்பில் இருக்கிறது. டி செல்கள். மாறிய பி செல்லைக் கண்டதும் கொன்றுவிடுகின்றன. மிஞ்சும் சில பி செல்களில் வைரஸ் தன் புரதங்களையெல்லாம் சுருட்டி வைத்துக்கொண்டு, லட்சத்தில் ஒன்று, பத்து லட்சத்தில் ஒன்று என்ற கணக்கில் ஆயுள் முழுக்க ஒளிந்திருக்கிறது. லேபில்கூட டி செல்களை மருந்து கொடுத்து அடக்கிவிட்டுத்தான் வைரஸை விடுகிறார்கள். இல்லையென்றால் வளர ஆரம்பித்த கொத்துகள் சில வாரத்தில் அழிக்கப்பட்டுவிடும்.

டி செல்லே இல்லாத ஒரு உடம்பில் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு சோகமான பதில் இருக்கிறது. அமெரிக்காவின் டெக்சஸில் டேவிட் வெட்டர் என்ற சிறுவன், பிறவியிலேயே எதிர்ப்பு சக்தி இல்லாதவன், 1971ல் பிறந்ததிலிருந்து கிருமி புகாத பிளாஸ்டிக் கூடாரத்துக்குள்ளேயே பன்னிரண்டு வருடம் வளர்ந்தான். 1983ல் அக்காவின் எலும்பு மஜ்ஜையைச் செலுத்தினார்கள். அக்காவுக்கு எந்த நோயும் இல்லை, நம்மைப் போலவே அவளிடமும் ஒளிந்திருந்தது இந்த வைரஸ் மட்டும்தான். 1984 பிப்ரவரியில் டேவிட் இறந்தான். உடம்பைத் திறந்து பார்த்தபோது பல உறுப்புகளில் பி செல் கட்டிகள். குடுவையில் நடப்பது அப்படியே அவன் உடம்பில் நடந்திருந்தது.

1997ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இந்த வைரஸைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது. 2022ல் ஒரு கோடி அமெரிக்கப் படைவீரர்களின் பதிவுகளைப் புரட்டிய ஆய்வு, இந்த வைரஸ் தொற்றிய பின் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடுகிறது என்றது. எப்ஸ்டீன் அதையும் பார்த்துவிட்டு 2024ல் தன் 102வது வயதில் காலமானார்.

ஆனால் எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த பகுதி வேறு. செல்லைச் சாகாமல் வைக்கும் இந்த வித்தையை விஞ்ஞானிகள் ஒரு கருவியாகவே எடுத்துக்கொண்டார்கள். ஒருவரிடம் ஒரே ஒரு தடவை ரத்தம் வாங்கினால் போதும், இந்த வைரஸைக் கொடுத்து அவருடைய டிஎன்ஏவை எத்தனை வருடம் வேண்டுமானாலும் வளர்த்துக்கொள்ளலாம். ஹாப்மேப், 1000 ஜீனோம்ஸ் போன்ற திட்டங்கள் நடந்தது இப்படித்தான். ஹாப்மேப்புக்காக ரத்தம் கொடுத்தவர்களில் 90 பேர் யொரூபா மக்கள், ஊர் இபாதான். ஆமாம், ராஜியின் செல்களை வளர்த்த அதே இபாதான். இந்தத் தடவை ஊர்க்காரர்களோடு முதலில் உட்கார்ந்து பேசி, சம்மதம் வாங்கி எடுத்தார்கள். பெயரைக் குறித்துக்கொள்ளவில்லை, அதுவும் அவர்கள் பாதுகாப்புக்காகவே. ராஜியையும் ஜிஜோயேயையும் 1963ல் யாராவது கேட்டார்களா என்று எந்தக் கட்டுரையிலும் நான் பார்க்கவில்லை.

1000 ஜீனோம்ஸில் மொத்தம் 26 மக்கள் குழுக்கள், 2,504 பேர். 2015ல் முடிவுகள் வெளிவந்தன. பட்டியலைப் பார்த்துக்கொண்டே வந்தபோது ஒரு வரியில் நின்றுவிட்டேன். இங்கிலாந்தில் வாழும் இலங்கைத் தமிழர்கள். பெயர் தெரியாத சில தமிழர்களின் பி செல்கள், ஒரு குரங்குச் செல்லிலிருந்து கிளம்பிய வைரஸின் தயவில், அமெரிக்காவின் கேம்டன் நகரில், ஹென்லேக்கள் இருந்த பிலடெல்பியாவுக்கு ஆற்றின் எதிர்க்கரையில், திரவ நைட்ரஜனுக்குள் உறைந்திருக்கின்றன. ஏதாவது ஒரு லேப் கேட்டால் உருக்கி, வளர்த்து, குடுவையில் அடைத்து அனுப்பிவைக்கிறார்கள்.